ஒப்பாரிக்கு முந்தைய பாட்டு

2025-ஆம் ஆண்டு மே 11-ஆம் தேதி இரவு, விழுப்புரத்தில் நடைபெற்ற 'மிஸ் கூவாகம்' போட்டிக்குச் சிறப்பு விருந்தினராக வந்திருந்த நடிகர் விஷால் மேடையிலேயே மயங்கிச் சரிந்தார். முதலுதவிக்குப் பிறகு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்பட்டு நலமடைந்தார். மதிய உணவைத் தவிர்த்ததே காரணம் என்று அவர் தரப்பில் விளக்கமும் தரப்பட்டது. மறுநாள் காலை எல்லா ஊடகங்களிலும் அதுவே செய்தி. நானும் அதைத்தான் முதலில் தேடிப் படித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், அன்று அந்த மேடையில் ஆடியவர்கள் யார், பாடியவர்கள் யார், எந்தெந்த ஊரிலிருந்து எத்தனை பேருந்து மாறி வந்தவர்கள் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்தவர் எங்கள் தெருவில் ஒருவரும் இல்லை. விழா அவர்களுடையது, செய்தி மட்டும் வேறொருவருடையது.

நான் திண்டிவனத்தில் வசிப்பவன். சென்னையிலிருந்து வரும் நெடுஞ்சாலை புதுச்சேரிக்கும், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும், விழுப்புரம் வழியாகத் திருச்சிக்கும் பிரிகிற ஊர் இது. எங்கோ போகிறவர்கள் தேநீர் குடிக்க இறங்கும் ஊர் என்று வேடிக்கையாகச் சொல்வோம். சித்திரை மாதம் பாதி கடந்துவிட்டால், அப்படி இறங்குகிறவர்களில் திருநங்கையர் மிகுதியாகத் தென்படுவார்கள். கூவாகம் கூத்தாண்டவர் கோயில் திருவிழாவுக்குப் போகிறவர்கள். உளுந்தூர்பேட்டை வட்டத்தில் உள்ள அந்தச் சிற்றூர், 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு விழுப்புரத்திலிருந்து பிரிந்துவிட்டது. ஆயினும் விழாவுக்கு முந்தைய மேடை விழுப்புரத்தில்தான் நிலைத்திருக்கிறது. ரயில் சந்திப்பும் தங்கும் விடுதிகளும் இங்கே இருப்பதுதான் அதற்கு முதற்காரணம். அழகுப் போட்டி, நடனம், பாட்டு, பொது அறிவுக் கேள்விகள் எல்லாம் இங்கே முடிந்த பிறகே கூட்டம் கூவாகத்துக்கு நகரும்.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஒரு நாளில், திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் அரசுப் பேருந்தில் எனக்கு முன்னிருக்கைகளில் நான்கு பேர் அமர்ந்திருந்தார்கள். மூவர் இருபதுகளில் இருப்பார்கள். ஒருவருக்கு ஐம்பது வயதிருக்கும். இளையவர்கள் அவரை 'அம்மா' என்று அழைத்தார்கள். ஜமாத்து வழக்கத்தில் அவர்கள் அவருக்கு மகள்கள். மடியில் ஒரு கையடக்க ஒலிபெருக்கி, காலடியில் போலி நகைகள் நிறைந்த பிளாஸ்டிக் பெட்டி. நடத்துநர் வந்ததும் இளையவரில் ஒருவர், "அண்ணே, எங்களுக்கு இலவசந்தானே?" என்றார். நகரப் பேருந்துகளில் மட்டும்தான் அந்தச் சலுகை, இது வெளியூர்ப் பேருந்து என்று நடத்துநர் பொறுமையாகவே சொன்னார். "அப்ப இந்த பஸ்ல போறப்ப மட்டும் நாங்க யாரு?" என்று அவர் கேட்க, பேருந்தே சிரித்தது. நடத்துநரும் சிரித்தார், நான்கு சீட்டைக் கிழித்தும் கொடுத்தார்.

அடுத்த முக்கால் மணி நேரம் அங்கே நடந்தது ஒத்திகை. மேடையில் பாடப்போகும் திரைப்பாட்டில் சரணத்தை யார் எடுப்பது என்பதில் இருவருக்கிடையே தகராறு. மூன்றாமவர், பாடவே வேண்டாம், ஒலிநாடாவைப் போட்டுவிட்டு ஆடினால் போதும் என்கிறார். "நம்ம கொரல கேட்டா கீழ உக்காந்திருக்கிறவன் சிரிப்பான்" என்பது அவருடைய வாதம். அம்மா அதற்கு, "சிரிக்கட்டுமே, அவன் சிரிச்சு முடிக்கிற வரைக்கும் நீ பாட்ட நிறுத்தாத" என்றார். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டும்போது ஒலிபெருக்கியில் மின்சாரம் தீர்ந்துவிட்டது. பின்னிருக்கையில் இருந்த கல்லூரி மாணவர் ஒருவர் தம் பையிலிருந்து ஒரு மின்சேமிப்புக் கருவியை எடுத்து நீட்டினார். விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்தில் இறங்கும்போது அந்த மாணவர் உட்படப் பலர் அவர்களுக்கு வாழ்த்துச் சொன்னார்கள்.

இதை ஒரு திரைக்கதை என்று வைத்துக்கொண்டால் அதில் எல்லாம் இருக்கிறது: நட்பு, போட்டி, சண்டை, பாட்டு, எதிர்பாராத உதவி. உலகெங்கும் இத்தகைய படங்கள் எடுக்கப்பட்டு வெற்றியும் கண்டிருக்கின்றன. 1994-இல் வெளிவந்த ஆஸ்திரேலியப் படமான 'பிரிசில்லா'வில், ஒரு திருநங்கையும் பெண் வேடக் கலைஞர்கள் இருவரும் ஒரு பழைய பேருந்தில் பாலைவனத்தைக் கடந்து நிகழ்ச்சி நடத்தப் போகிறார்கள். தாய்லாந்தில் 2000-ஆம் ஆண்டு வந்த 'அயர்ன் லேடீஸ்' உண்மைக் கதை. திருநங்கையரும் தன்பாலீர்ப்பாளர்களும் பெரும்பான்மையாக இருந்த ஒரு கைப்பந்து அணி, 1996-இல் அந்நாட்டின் ஆடவர் தேசியப் போட்டியில் கோப்பையை வென்றது. அந்த அணியைத் தாய்லாந்துத் திரையரங்குகள் சிரித்துக்கொண்டே கொண்டாடின. அழுவதற்காக யாரும் அந்தப் படத்துக்குப் போகவில்லை.

தமிழில் நிலைமை வேறு. நம் திரைப்படங்களில் திருநங்கையர் நெடுங்காலம் கேலிக்குரிய துணைப் பாத்திரமாக, நாயகனின் சகாக்கள் ஓட்டம் பிடிப்பதற்கான காரணமாக மட்டுமே வந்தார்கள். 2015-இல் வெளியான 'ஐ' படத்தின் சித்திரிப்பைக் கண்டித்துத் திருநங்கையர் வீதியில் இறங்கிப் போராடியது பலருக்கு நினைவிருக்கும். அதற்கு முன்பே, 2011-இல் 'காஞ்சனா' ஒரு திருநங்கையைக் கதையின் மையத்துக்குக் கொண்டுவந்தது. சரத்குமார் ஏற்ற அந்தப் பாத்திரத்துக்குத் திரையரங்கில் கைத்தட்டல் கிடைத்தது உண்மை; ஆனால், அவர் கொல்லப்பட்டுப் பேயாகத் திரும்பி வந்த பிறகுதான் கிடைத்தது. 2020-இல் வெளிவந்த 'பாவக் கதைகள்' தொகுப்பில் சுதா கொங்கரா இயக்கிய 'தங்கம்' பகுதியில் சத்தார் இறந்த பிறகுதான் ஊர் அழுகிறது. 2019-இன் 'சூப்பர் டீலக்ஸ்' ஷில்பாவை உயிரோடு விடுகிறது என்றாலும், காவல் நிலையத்தில் அவர் படும் இழிவைக் காட்டாமல் விடவில்லை. இவை எல்லாம் மோசமான படங்கள் என்று நான் சொல்லவில்லை. சிலவற்றை நான் கண் கலங்கித்தான் பார்த்தேன். என் கண் கலங்கியதுதான் எனக்கு இப்போது சங்கடமாக இருக்கிறது. கேலியிலிருந்து இரக்கத்துக்கு நாம் நகர்ந்திருக்கிறோம். இரக்கத்தில் ஒரு வசதி உண்டு: இரங்குபவர் தம் இருக்கையை விட்டு எழ வேண்டியதில்லை.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. சம்யுக்தா விஜயன் எழுதி, இயக்கி, நடித்த 'நீல நிறச் சூரியன்' 2024-இல் திரைக்கு வந்தது. பள்ளி ஆசிரியராகப் பணிபுரியும் ஒருவர் தம் பாலின அடையாளத்தை வெளிப்படுத்திக்கொண்டு அதே பள்ளியில் தொடர்ந்து பணியாற்ற முயல்வதுதான் கதை. கொலையும் இல்லை, பேயும் இல்லை. கழிப்பறை எது, வருகைப் பதிவேட்டில் பெயர் எது என்பன போன்ற அன்றாடச் சிக்கல்கள்தான் அதில் நாடகம். தன் வாழ்வைத் தானே எழுதும் ஒருவரிடமிருந்து அந்த அமைதி வந்திருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. ஆயினும் அதுவும் அடங்கிய குரலில் பேசும் படமே. குடும்பத்தோடு போய்ச் சிரித்துவிட்டு, பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வீடு திரும்பும் படம் இன்னும் வரவில்லை.

வெளிநாட்டுச் சரக்கு நமக்கு எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். எங்கள் மண்ணுக்கு இசையும் நகைச்சுவையும் வேடமாற்றமும் கலந்த அரங்கம் புதிதே அல்ல. பழைய தென்னாற்காடு மாவட்டம் தெருக்கூத்தின் நிலம். செஞ்சிக்கு அருகே மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயிலை மூலக் கோயிலாகக் கருதும் ஊர்கள் இப்பகுதியில் ஏராளம். பாரத விழா நாள்களில் இரவெல்லாம் கூத்து நடக்கும். பெண் வேடங்களை ஆண்களே ஏற்பார்கள். ஸ்திரீபார்ட் கலைஞர் திரையை விலக்கிக்கொண்டு வந்து ஒரு சுற்றுச் சுற்றும்போது கூட்டம் எழுப்பும் ஆரவாரத்தை நான் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். கட்டியங்காரன் குறுக்கே புகுந்து அரசனையும் கேலி செய்வான், ஊர்ப் பெரிய மனிதரையும் கேலி செய்வான். 'அரவான் களப்பலி' போன்ற துயரக் கூத்திலும் அவனுக்கு வேலை உண்டு. விடியும்போது தலை வெட்டுப்படப் போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். அதற்காக நடுநிசியில் யாரும் சிரிக்காமல் இருந்ததில்லை.

கூவாகத்தின் கதையும் அந்த அரவானுடையதுதான். பாரதப் போரில் பாண்டவர் வெல்ல, எல்லா இலட்சணங்களும் பொருந்திய ஒருவன் களப்பலியாக வேண்டும். அர்ச்சுனனுக்கும் நாககன்னிக்கும் பிறந்த அரவான் முன்வருகிறான். ஆனால், மணம் முடிக்காமல் சாக அவனுக்கு விருப்பமில்லை. மறுநாள் சாகப்போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்? கண்ணனே மோகினியாகி அவனை மணக்கிறான். திருநங்கையர் தம்மை அந்த மோகினியாகக் கருதிப் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். இரவு முழுவதும் கும்மியும் பாட்டும் ஆட்டமும். மறுநாள் தேரோட்டம் முடிந்து அரவான் களப்பலி ஆனதும் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைச் சேலை உடுத்தி ஒப்பாரி வைக்கிறார்கள்.

ஆண்டுதோறும் வெளியாகும் ஒளிப்படங்களைக் கவனித்துப் பாருங்கள். வெள்ளைச் சேலையும் கண்ணீரும்தான் பெரும்பாலும் அச்சாகின்றன. கும்மியடிக்கும் இரவு பக்கத்தின் ஓரத்துக்குப் போய்விடுகிறது. ஒளிப்படக் கலைஞர்களை நான் குறை சொல்லவில்லை. அழுகை ஒரு சட்டகத்துக்குள் எளிதாக அடங்கும், சிரிப்பு அடங்காது. ஆனால், பதினெட்டு நாள் விழாவின் ஒரு முற்பகலை மட்டும் வைத்து ஒரு சமூகத்தை அறிந்துகொண்டதாக நாம் நினைப்பது சரியா?

விழுப்புரத்து மேடையின் வரலாற்றிலும் இந்தக் கோணல் இருக்கிறது. அந்த மேடை நெடுங்காலம் எய்ட்ஸ் விழிப்புணர்வின் குடைக்குக் கீழேதான் நின்றது. போட்டியாளர்களிடம் கேட்கப்படும் கேள்விகளிலும் அது இடம்பெற்றது. நோய்த்தடுப்புக்கு நிதி வந்தது, கலைக்கு வரவில்லை. ஆகவே, பாட விரும்பியவர்கள் ஆணுறை பற்றிய உரையைக் கேட்டுவிட்டுப் பாடினார்கள். அந்தப் பணியின் பயனை நான் மறுக்கவில்லை, அது உயிர்களைக் காத்தது. இருந்தாலும் ஒரு மனிதக் கூட்டம் நோயாக, சிக்கலாக, புள்ளிவிவரமாகத் தன்னைக் காட்டிக்கொண்டால்தான் அரசின் கதவு திறக்கும் என்றால் அது விசித்திரமான கதவு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத 'பிறர்' என்று தமிழ்நாட்டில் பதிவானவர்கள் 22,364 பேர். அவர்களில் எத்தனை பேர் நன்றாகப் பாடுவார்கள் என்று எந்தக் கணக்கெடுப்பும் கேட்பதில்லை.

பாட்டு என்பதை நான் ஒரு காரணத்தோடுதான் வலியுறுத்துகிறேன். அழகுப் போட்டியில் எனக்குச் சில மனக்குறைகள் உண்டு. நிறம், இடை, நடை என்று பெண்களை அளந்து சலித்துப்போன அதே அளவுகோலை இங்கும் கொண்டுவந்து வைக்கிறோம். அறுவை சிகிச்சைக்கும் ஒப்பனைக்கும் செலவிட முடிந்தவருக்கு அங்கே வாய்ப்பு கூடுதல். செங்கல் சூளையில் வேலை பார்த்துவிட்டு வருகிறவருக்குக் குறைவு. குரல் அப்படியல்ல. அதே சமயம், ஒரு திருநங்கைக்குத் தம் குரலைக் கேட்கக் கொடுப்பதைவிடத் துணிச்சலான செயல் வேறில்லை. ஹார்மோன் சிகிச்சையால் உடலில் பல மாற்றங்கள் வரும். ஆனால், பருவத்தில் ஒருமுறை உடைந்த குரலை அது திரும்ப மெல்லியதாக்குவதில்லை. கடையில், தொலைபேசியில், வங்கியில் முதலில் காட்டிக்கொடுப்பது குரல்தான். பேருந்தில் அந்தப் பெண் ஒலிநாடா போதும் என்று சொன்னது அதனால்தான்.

ஐரோப்பியப் பாட்டுப் போட்டியான யூரோவிஷன் இதில் ஒரு பாடம். 1998-இல் இஸ்ரேலைச் சேர்ந்த டானா இன்டர்நேஷனல் என்ற திருநங்கை அதில் முதல் பரிசு பெற்றார். 2014-இல் தாடி வைத்த முகமும் நீண்ட கவுனுமாக வந்து பாடிய ஆஸ்திரியாவின் கொஞ்சிட்டா உர்ஸ்ட் வென்றார். 2024-இல் ஆண், பெண் என்ற இரண்டுக்குள்ளும் தம்மை அடக்கிக்கொள்ளாத சுவிட்சர்லாந்தின் நெமோ வென்றார். மூவருக்கும் எதிர்ப்பு இருந்தது, ஏளனமும் இருந்தது. ஆனால், வாக்களித்தவர்கள் பாட்டுக்கு வாக்களித்தார்கள். இந்தியாவிலும் 2016-இல் மும்பையில் ஆறு திருநங்கையரைக் கொண்ட 'சிக்ஸ் பேக் பேண்ட்' என்ற இசைக்குழு உருவாக்கப்பட்டது. மகிழ்ச்சியாக இருக்கிறோம் என்று அறிவிப்பதுதான் அவர்களின் முதல் பாட்டே. அந்த ஆண்டு கான் விளம்பர விழாவில் அதற்கு உயரிய விருது கிடைத்தது. ஆம், விளம்பர விழாதான். குழுவுக்குப் பின்னால் ஒரு தேயிலை நிறுவனம் இருந்தது. தேநீர் விற்பதற்காகவாவது அவர்கள் சிரிப்பதை நாடு பார்த்தது என்று ஆறுதல் கொள்ளலாம்; ஆறு பேரின் குரலுக்குத் தேயிலைத்தூளின் துணை தேவைப்பட்டதே என்று வருந்தவும் செய்யலாம். எனக்கு இரண்டும் தோன்றுகின்றன.

இனிப்பான படம் எடுத்தால் கசப்பான உண்மை மறைந்துவிடாதா என்ற கேள்வி நேர்மையானது. அதற்கு முகம் கொடுக்காமல் கடந்துவிட முடியாது. சட்டங்களைப் பொறுத்தவரை தமிழ்நாடு பெருமைப்படக் காரணங்கள் உண்டு. நாட்டிலேயே முதன்முதலாக 2008 ஏப்ரல் 15 அன்று திருநங்கையருக்கான நல வாரியம் இங்கேதான் அமைந்தது. சரியாக ஆறு ஆண்டுகள் கழித்து அதே தேதியில், தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2018-இல் 377-ஆவது பிரிவின் கொடுக்கு ஒடிக்கப்பட்டது. இந்து திருமணச் சட்டத்தில் 'மணமகள்' என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019-இல் தீர்ப்பளித்து, தூத்துக்குடியில் நடந்த ஒரு திருமணத்தைப் பதிவுசெய்ய உத்தரவிட்டது. கூவாகத்தில் ஒரே இரவு நீடிக்கும் மண வாழ்க்கை, அந்தத் தீர்ப்பால் பதிவேட்டில் ஆயுள் முழுவதும் நீடிக்கலாயிற்று.

ஆனால், 2019-இன் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், திருநர் மீதான பாலியல் கொடுமைக்கு விதிக்கும் தண்டனை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை மட்டுமே. பெண்ணுக்கு எதிரான வன்புணர்வுக்குக் குறைந்தபட்சமே பத்தாண்டு. அரசுப் பணியில் ஒரு விழுக்காடு கிடைமட்ட இட ஒதுக்கீட்டைக் கர்நாடகம் 2021-இலேயே அறிவித்துவிட்டது. இங்கே கிரேஸ் பானு போன்றோர் அதே கோரிக்கைக்காக இன்னும் குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். முன்னோடி மாநிலம் என்ற பட்டத்தைச் சூட்டிக்கொண்ட பின் நாம் சற்று ஓய்வெடுத்துவிட்டோமோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

கசப்பு விழுப்புரத்திலேயே இருக்கிறது. விழா நாள்களில் சில விடுதிகளில் அறை வாடகை பல மடங்கு உயர்வதை நேரில் கண்டிருக்கிறேன். வாடகை உயர்ந்தாலும் அறை கிடைத்தால் சரி. மற்ற மாதங்களில் அதே ஊரில் வீடு தேடும் திருநங்கைக்கு அறையே கிடைப்பதில்லை. 'குடும்பத்துக்கு மட்டும்' என்று எழுதி வைத்த பலகைகளுக்குக் குறைவில்லை.

இந்தக் 'குடும்பம்' என்ற சொல்தான் என்னை மீண்டும் அந்த நான்கு பேரிடம் கொண்டுபோகிறது. விழுப்புரத்து மேடை நிகழ்ந்து பதினொரு நாள் கழித்து, 2025 மே 22 அன்று, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு ஓர் ஆட்கொணர்வு மனுவில் தீர்ப்பு வழங்கியது. தம் தோழியைப் பெற்றோர் அடைத்து வைத்திருப்பதாக ஓர் இளம்பெண் தொடுத்த வழக்கு அது. தன்பாலினத் திருமணத்துக்கு உச்ச நீதிமன்றம் 2023-இல் சட்ட ஏற்பு அளிக்கவில்லை என்றாலும், திருமணம் ஒன்றே குடும்பம் அமைப்பதற்கான வழி அல்ல என்றும், தாமே தேர்ந்துகொள்ளும் குடும்பமும் குடும்பமே என்றும் அந்த அமர்வு கூறியது. ஜமாத்துகளில் இது நெடுங்கால நடைமுறை. பெற்றவர் துரத்திய பிள்ளையை மற்றொருவர் 'மகளே' என்று ஏற்றுக்கொள்வதற்கு அங்கே எந்த நீதிமன்றத்தின் அனுமதியும் தேவைப்பட்டதில்லை. ஜமாத்துக்குள்ளும் அதிகாரமும் சுரண்டலும் உண்டு என்பதை அ. ரேவதி, லிவிங் ஸ்மைல் வித்யா ஆகியோரின் தன்வரலாறுகள் மறைக்காமல் சொல்கின்றன. அதனால் என்ன? நம் குடும்பங்களில் அவை இல்லையா?

இங்கே ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். திருநங்கையருக்கு ஒரு மேடையாவது இருக்கிறது. திருநம்பியருக்கும், தன்பாலீர்ப்பு கொண்ட பெண்களுக்கும் ஆண்களுக்கும் இந்த வட்டாரத்தில் அதுவும் இல்லை. அரவான் கதையில் அவர்களுக்கு இடம் இல்லாததால் விழாவிலும் இடம் இல்லை. பால்புதுமையினர் என்ற பொதுச்சொல்லே விழுப்புரத்தில் பெரிதாகப் புழங்கவில்லை. 2021-இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஓர் இணையர் தொடுத்த வழக்கில் தீர்ப்பு எழுதும் முன், இது குறித்துத் தமக்கே போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டார். அவர்களைக் குறிக்கக் கண்ணியமான தமிழ்ச் சொற்களை வகுக்கும்படி அவர் வலியுறுத்தியதன் விளைவாக, 2022-இல் தமிழ்நாடு அரசிதழில் ஒரு சொற்பட்டியல் வெளியானது. அரசிதழில் ஏறிய சொல் பேருந்தில் ஏறுவதற்குக் காலம் பிடிக்கும். ஒரு நல்ல நகைச்சுவைப் படத்தில் ஒரு நல்ல வசனம் அமைந்தால் அந்தச் சொல் ஒரே வாரத்தில் திண்டிவனம் தேநீர்க் கடைக்கு வந்துவிடும்; தமிழ்நாட்டில் சொற்கள் அப்படித்தான் பரவியிருக்கின்றன.

மகிழ்ச்சிப் படம் பொய் சொல்லும் என்று அஞ்சுவோர் அதன் இலக்கணத்தை மறந்துவிடுகிறார்கள். நண்பர்கள் போட்டிக்குப் போகும் கதையில் தடைகள் இல்லாவிட்டால் கதையே இல்லை. அறை மறுக்கும் விடுதி அதில் வரும், கேலி செய்யும் கூட்டம் வரும், பணம் கேட்டு மிரட்டுகிறவன் வருவான். வேறுபாடு ஒன்றுதான். துயரப் படத்தில் அவர்களுக்கு என்ன நேர்கிறது என்று பார்க்கிறோம். இதில் அவர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்று பார்ப்போம். அவர்களுக்கு ஓர் ஆசை இருக்கிறது, கோப்பை வேண்டும். அந்த ஆசை நிறைவேறினால் நன்றாயிருக்குமே என்று நாமும் நாற்காலியின் நுனிக்கு வருவோம். பெண் வேடமிட்டவரை ஊரே ரசித்த கூத்து மேடைக்கும், நிஜத்தில் பெண்ணாக வாழ்பவரை ஊருக்கு வெளியே நிறுத்தும் தெருவுக்கும் இடையில் நம்மிடம் உள்ள இரட்டை வேடத்தையும் அந்தப் படம் கிண்டல் செய்யலாம். கட்டியங்காரன் அதைத்தானே செய்துவந்தான்?

பரதநாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜுக்கு 2019-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டபோது ஊரெங்கும் மகிழ்ந்தோம். தஞ்சை கிட்டப்பா பிள்ளையிடம் பல்லாண்டுகள் பயின்ற உழைப்பு அது. அத்தகைய பேராற்றல் இருந்தால் மட்டுமே மதிப்போம் என்பது மறைமுகமான நிபந்தனை. சுமாராகப் பாடுகிறவருக்கும் ஒரு மேடையும், அதில் தோற்றுப்போகும் உரிமையும், தோற்ற பின் நண்பர்களோடு பரோட்டா சாப்பிடப் போகும் இரவும் வேண்டும். நம் பிள்ளைகள் பள்ளி ஆண்டு விழாவில் பாடுவதெல்லாம் பத்மஸ்ரீக்காகவா?

விழுப்புரம் நகரம் இதற்குப் பெரிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. விழாவுக்கு வருகிறவர்கள் நியாயமான வாடகையில் தங்குவதற்குப் பள்ளிக் கட்டடங்களைக் கோடை விடுமுறையில் திறந்துவிடலாம். மேடையின் பின்புறம் ஒப்பனை அறையும் கழிப்பறையும் அமைக்கலாம். அழகுப் போட்டிக்கு நிகரான பரிசுத் தொகையோடு, பதிவுசெய்த பாட்டுக்கு வாயசைக்காமல் சொந்தக் குரலில் பாடுவதற்கென்று ஒரு பிரிவை ஏற்பாட்டாளர்கள் சேர்க்கலாம். திருநம்பியரையும் அதற்கு அழைக்கலாம். உள்ளூர்த் தெருக்கூத்துக் கலைஞர்களை நடுவர்களாக அமர்த்தினால், குரலின் வகையைப் பார்க்காமல் அதன் திறத்தைப் பார்ப்பார்கள் என்பது என் நம்பிக்கை. ஆண் தொண்டையில் பெண்ணின் புலம்பலைப் பாடியே வாழ்ந்தவர்கள் அவர்கள்.

அந்த நான்கு பேரில் இருவரைத் தேரோட்டம் முடிந்த மறுநாள் காலை திண்டிவனம் பேருந்து நிலையத்தில் மீண்டும் பார்த்தேன். வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தார்கள். வளையல் உடைந்த தழும்பு மணிக்கட்டில் சிவந்திருந்தது. போட்டி என்னவாயிற்று என்று கேட்டேன். பரிசு வேறொரு ஊர்க்காரர்களுக்குப் போய்விட்டதாம். "பாடினீங்களா, இல்ல பாட்டப் போட்டுட்டு ஆடினீங்களா?" என்றேன். பாடினார்களாம். இரண்டாவது சரணத்தில் மின்சாரம் போய்விட்டது, ஒலிவாங்கி இல்லாமலே பாடி முடித்தோம் என்று இளையவர் சொன்னார். "சிரிச்சாங்களாண்ணு கேளுங்கண்ணே" என்றார் மற்றவர். கேட்டேன். "மொதல்ல" என்றார். அதற்குள் சென்னைப் பேருந்து வந்துவிட்டது. இருவரும் ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு இடம் பிடிக்க ஓடினார்கள்.